ஐந்து வண்டிப் புத்தகமும் ஒரு நாவல் கிளையும்

ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

மகன் கல்லூரியில் தத்துவம் படிக்கிறான், இரண்டாம் ஆண்டு. மார்க் இருந்தும் இன்ஜினீயரிங் வேண்டாம் என்று அடம்பிடித்துச் சேர்ந்தவன். 'படிச்சு முடிச்சிட்டு காவி கட்டப் போறானா?' என்று சொந்தக்காரர்கள் கேலி பேசியபோதெல்லாம் அவனுக்காக மல்லுக்கு நின்றவர் இந்த அம்மாதான். இப்போது அவருக்கே பயம் வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டலில் இருந்து வருவான். முன்பெல்லாம் வந்ததும் வராததுமாக அப்பத்தா மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வான். இப்போது வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியவில்லை. 'ரொம்ப வெயில்' என்றால்கூட, 'ரொம்பன்னா எவ்வளவு?' என்கிறான். போன மாதம் என் மாமியார் காமாட்சி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். 'இதை ஏத்தினா என்ன ஆகும் அப்பத்தா?' என்று ஆரம்பித்தான். 'எங்கம்மா ஏத்துனாங்க, நானும் ஏத்துறேன்' என்றார். 'உங்கம்மா செஞ்சா அது சரின்னு எப்படிச் சொல்ற?' என்றான். கால் மணி நேரம் விடவில்லை. கடைசியில் அவர் 'எனக்குத் தெரியலப்பா' என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றவில்லை. கேட்டேன். 'அவன் இருக்கையில வேணாம்த்தா. திங்கக்கிழமை அவன் போனப்புறம் ஏத்திக்கிறேன்' என்கிறார். அவனைத் தத்துவத்தில் சேர்த்தது என் தப்பா?"

தப்பே இல்லை அம்மா. ஆனால் இதற்கு மேல் எழுதுவது உங்களுக்கு இல்லை, உங்கள் மகனுக்கு. லிங்க்கை அவனுக்கு அனுப்பிவிடுங்கள்.

தம்பி, முதலில் உன் பக்கம் பேசிவிடுகிறேன். நீ கேட்டது நல்ல கேள்விதான். முன்னோர் செய்தார்கள் என்பதே ஒரு காரியத்துக்குக் காரணமாகிவிடுமா என்று கேட்காமல் தத்துவம் படிக்க முடியாது. இந்தியாவிலும் சீனாவிலும் 2,000 வருஷத்துக்கும் முன்பே இதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்கக் கற்றுக்கொண்ட இளவட்டங்கள் வீட்டிலும் ஊரிலும் என்ன பாடுபடுத்தினார்கள் என்பதற்கும் கதைகள் இருக்கின்றன. பரீட்சைக்கு அவை வராது. அதனால் நான் சொல்கிறேன்.

சாந்தோக்ய உபநிடதத்தில் சுவேதகேது என்று ஒரு பையன். 12 வயதில் படிக்கப் போய், வேதமெல்லாம் முடித்து 24 வயதில் வீடு திரும்புகிறான். வந்த கோலத்தை உபநிடதம் மறைக்கவில்லை. தலைக்கனத்தோடு வந்தான் என்றே சொல்கிறது. அப்பா உத்தாலகர் திட்டவில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டால் தெரியாததும் தெரிந்ததாகிவிடும், அப்படி ஒன்று உண்டே, அதைப் பற்றி உன் ஆசிரியர்களிடம் கேட்டாயா என்றார். பையன் விழித்தான். அவர்களுக்கு அது தெரிந்திருக்காது, தெரிந்தால் சொல்லியிருப்பார்களே என்றான். பிறகு, நீங்களே சொல்லுங்கள் என்றான்.

அதற்கப்புறம் அந்த அப்பா செய்ததைக் கவனி. ஆலம்பழம் ஒன்று கொண்டுவரச் சொன்னார். உடைக்கச் சொன்னார். உள்ளே இருந்த பொடி விதையையும் உடைக்கச் சொன்னார். என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றான். இன்னொரு நாள் ராத்திரி உப்பைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லி, காலையில் அந்த உப்பைத் திருப்பிக் கொடு என்றார். கிடைக்குமா? சரி, மேலே இருந்து கொஞ்சம் குடி, நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் என்றார். மூன்றும் உப்புக் கரித்தது. 12 வருஷம் காதால் படித்து வந்தவனுக்கு அப்பா நாக்கால் பாடம் எடுத்தார். பையனை வாயடைக்க வைக்க வேண்டும் என்ற எண்ணமே அவரிடம் இல்லை.

அடுத்த கதை நம் பக்கத்தில் ஒரு காப்பியத்துக்கே பெயர் கொடுத்த பெண்ணுடையது. ஐம்பெருங்காப்பியங்களின் பட்டியலைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருப்பாய். அதில் குண்டலகேசி முழுசாகக் கிடைக்கவில்லை, சில பாடல்கள்தான் மிச்சம். அந்தக் கதாநாயகி பாலி மொழி பௌத்த நூல்களிலும் வருகிறாள். ஒரு கள்வனை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள். நகைக்காகத் தன்னைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப்போனவனைத் தானே தள்ளிவிட்டாள். 1950-இல் வந்த 'மந்திரி குமாரி' படத்துக்கு இந்தக் காட்சிதான் கரு. உன் அப்பத்தா பார்த்திருப்பார், கேட்டுப் பார்.

மலையிலிருந்து இறங்கிய பிறகு அவளுக்கு என்ன ஆனது என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. வீட்டுக்குத் திரும்ப முடியாமல் சமணப் பெண் துறவிகளோடு சேர்ந்தாள். அவர்கள் கற்றுக்கொடுத்ததையெல்லாம் கற்றுத் தீர்த்தாள். பிறகு வாதம் செய்வதே வேலையாக ஊர் ஊராகக் கிளம்பினாள். ஊர் வாசலில் மணலைக் குவித்து அதில் ஒரு நாவல் கிளையை நட்டுவைப்பாள். என்னோடு வாதாட வருகிறவர் இதை மிதிக்கலாம் என்று அங்கே விளையாடும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் பிச்சைக்குப் போவாள். ஏழு நாள் யாரும் தொடவில்லை என்றால் கிளையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊர். வாடிப்போனால் வேறு கிளை.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணை நினைத்து ஒரு மாதிரி இருக்கும். எத்தனை ஊர், எத்தனை கிளை. எல்லா ஊரிலும் ஜெயித்திருக்கிறாள், எந்த ஊரிலும் அவளோடு உட்கார்ந்து பேச ஆள் இல்லை.

சாவத்தி நகரத்தில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் கிளையைப் பார்த்தார். விவரம் கேட்டுவிட்டு, மிதியுங்கடா என்று பிள்ளைகளிடமே சொன்னார். அவள் வந்தாள், ஊரே கூடியது. அவளுக்குத் தெரிந்த கேள்வியெல்லாம் கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கேள்வி தீர்ந்து அவள் நின்றபோது, நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன் என்றார்: ஒன்று என்பது எது?

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னாள்.

அது பெரிய வித்துவான்களுக்கான கேள்வி இல்லை. பௌத்த மடத்தில் புதிதாகச் சேரும் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பத்துக் கேள்விகளில் முதல் கேள்வி. பதிலும் சின்னதுதான்: எல்லா உயிரும் உணவால் வாழ்கிறது. வாதத்தில் தோற்று அடுப்படிக்குப் போன உன் அப்பத்தாவுக்கு இந்தப் பதில் தெரியும்.

குண்டலகேசி அதோடு கிளையைத் தூக்கிப்போட்டுவிட்டு சாரிபுத்தரின் வழிக்கு வந்துவிட்டாள் என்று கதை முடிகிறது. நம் ஊரில் அப்படி முடிய விடவில்லை. நீலகேசி என்று ஒரு சமணக் காப்பியம் எழுதி, அதில் நீலகேசி என்ற பெண் வந்து குண்டலகேசியை வாதத்தில் தோற்கடிப்பதாக வைத்துவிட்டார்கள்! கிளை நடுவது ஒரு தொத்து வியாதி.

புத்தரே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மஜ்ஜிம நிகாயத்தில் தண்ணீர்ப் பாம்பு உவமை என்று இருக்கிறது. அடுத்தவரைக் குறை சொல்லவும் வாதத்தில் தப்பித்துக்கொள்ளவும் என் போதனையைப் படிக்கிறவன், பாம்பை வாலில் பிடிக்கிறவன் மாதிரி என்கிறார். அது திரும்பிக் கையைக் கொத்தும். கவைக்கோலால் தலைப்பக்கம் அழுத்தி, கழுத்தைப் பிடிக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. பாம்பு இரண்டு பேருக்கும் ஒரே பாம்புதான்.

இப்போது சீனா. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு, நாடு பல அரசுகளாகப் பிரிந்து ஓயாமல் போர் நடந்த காலம். அப்போது ஹுய்ஷி என்று ஒரு தர்க்க நிபுணர் இருந்தார். உன் வகையறா. அவர் புத்தகங்களை ஏற்ற ஐந்து வண்டி வேண்டும் என்பார்கள். இன்றைக்கும் சீன மொழியில் பெரிய படிப்பாளியை 'ஐந்து வண்டிப் படிப்பு' என்று சொல்வது வழக்கம். அந்தக் காலத்துப் புத்தகம் மூங்கில் பட்டைகளில் எழுதிக் கயிற்றால் கோத்தது, அதனால் வண்டியெல்லாம் தேவைப்பட்டிருக்கும். உன் போனில் ஒரு மூலைக்குக் காணாது. தத்துவம் படித்தால் வேலை கிடைக்காது என்று உன்னைக் கேலி செய்கிறார்களே, அவர்களிடம் சொல்: ஹுய்ஷி வெய் நாட்டின் முதலமைச்சராகவே இருந்தார்.

அவருடைய சிநேகிதர் ஜுவாங்ஸி. பதவி என்றால் காத தூரம் ஓடுகிறவர். இருவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஜுவாங்ஸியின் பெயரால் இருக்கும் நூலில் இந்தச் சண்டைகள் சில பதிவாகியிருக்கின்றன.

ஒருமுறை ஜுவாங்ஸி ஊருக்கு வருகிறார் என்று தெரிந்ததும், உங்கள் பதவியைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று யாரோ ஹுய்ஷியிடம் போட்டுக்கொடுத்தார்கள். ஹுய்ஷி பயந்துபோய் மூன்று நாள் ராப்பகலாக ஆள் விட்டுத் தேடினார். ஜுவாங்ஸி தானே நேரில் போய் ஒரு கதை சொன்னார். தென்கடலிலிருந்து வடகடலுக்குப் பறக்கும் ஒரு பறவை உண்டு, உயர்ந்த மரத்தில் மட்டும் உட்காரும், நல்ல ஊற்றுத் தண்ணீர் மட்டும் குடிக்கும். கீழே ஒரு ஆந்தை அழுகிய எலியை வைத்துக்கொண்டிருந்தது. பறவை மேலே போவதைப் பார்த்து, எங்கே எலியைப் பிடுங்கிக்கொள்ளுமோ என்று 'ச்சூ, ச்சூ' என்று விரட்டியதாம். உன் பதவியைக் காட்டி என்னை விரட்டுகிறாயா என்று கேட்டார். அத்தனை படித்த மனிதருக்கு சிநேகிதரைப் புரிந்துகொள்ள அந்தப் படிப்பு உதவவில்லை.

இன்னொரு நாள் இருவரும் ஹாவ் ஆற்றுப் பாலத்தில் நடந்துபோனார்கள். கீழே மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மீனுக்கு என்ன சந்தோஷம் பார் என்றார் ஜுவாங்ஸி. நீ மீன் இல்லையே, மீனின் சந்தோஷம் உனக்கு எப்படித் தெரியும் என்றார் ஹுய்ஷி. நீ நான் இல்லையே, எனக்குத் தெரியாது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பினார் இவர். சரி, நான் நீ இல்லை, அதனால் உன்னை எனக்குத் தெரியாது. அதேபோல நீ மீன் இல்லை, அதனால் மீனை உனக்குத் தெரியாது, கணக்கு முடிந்தது என்றார் ஹுய்ஷி. முதலிலிருந்து வருவோம் என்றார் ஜுவாங்ஸி. எப்படித் தெரியும் என்று நீ கேட்டபோதே எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டுதான் கேட்டாய். இதோ, இந்தப் பாலத்தின் மேல் நின்று தெரிந்துகொண்டேன் என்றார்.

ஜுவாங்ஸி ஜெயித்துவிட்டார் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி பதிலில் அவர் கேள்வியின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நழுவுகிறார். தர்க்கமாகப் பார்த்தால் ஹுய்ஷி கேட்டது நியாயமான கேள்வி, இன்னொரு உயிரின் மனசு நமக்கு எப்படித் தெரியும் என்று இன்றும் தத்துவ வகுப்பில் அதைத்தான் அலசுகிறார்கள். ஆனால் அவர் கேட்டது உலாப் போகும்போது, பக்கத்தில் நடக்கிற சிநேகிதரிடம். கேட்ட பிறகும் சேர்ந்தே நடந்தார்கள். உன் வீட்டில் கேள்வி முடிந்ததும் ஒருவர் எழுந்து போய்விட்டார்.

அந்த நூலின் வேறொரு இடத்தில் ஹுய்ஷி இறந்துபோயிருக்கிறார். ஒரு சவ ஊர்வலத்தோடு போகும் ஜுவாங்ஸி வழியில் அவர் சமாதியைப் பார்க்கிறார். கூட வந்தவர்களிடம் திரும்பி ஒரு கதை சொல்கிறார்.

யிங் நகரத்தில் ஒருவன் மூக்கு நுனியில் சுண்ணாம்பு தெறித்துவிட்டது, ஈயின் இறக்கை அளவுக்கு மெல்லிசாக. ஷி என்ற தச்சரைக் கூப்பிட்டு, சீவி எடு என்றான். தச்சர் கோடரியைக் காற்று விசிறும்படி சுழற்றி ஒரே வீச்சில் எடுத்துவிட்டார். மூக்கில் கீறல் இல்லை. அவன் முகம் சுளிக்காமல் நின்றான். சோங் நாட்டு மன்னருக்குச் செய்தி போனது. தச்சரை வரவழைத்து, என்னிடம் செய்து காட்டு என்றார். ஒருகாலத்தில் செய்தேன் ஐயா, ஆனால் எதிரே நின்றவன் செத்து ரொம்ப நாளாகிவிட்டது என்றார் தச்சர்.

ஹுய்ஷி போனபிறகு எனக்கும் எதிரே நிற்க ஆள் இல்லை, பேசுவதற்கு யாருமில்லை என்றார் ஜுவாங்ஸி.

வாழ்நாள் முழுக்க மறுத்துப் பேசிய மனிதருக்காக ஜுவாங்ஸி சொன்னது இது. கோடரி வீசுகிறவனின் திறமையைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். அசையாமல் நின்றவன் மூக்கைக் கொடுத்தான். அப்பத்தா கால் மணி நேரம் உன் எதிரே நின்றார், தம்பி. உனக்கு வீசத் தெரியவில்லை, கீறிவிட்டாய்.

நீ எங்கே தவறினாய் என்று நான் நினைப்பதைச் சொல்ல இன்னும் இரண்டு கதை வேண்டும். இரண்டிலும் ஒருவன் பாதியில் திரும்பிப் போகிறான்.

முதல் ஆள் ஹான் ஃபெய்ஸி சொல்லும் ஜெங் நாட்டுக்காரன். இது கி.மு. 3-ஆம் நூற்றாண்டு நூல். அவனுக்குச் செருப்பு வாங்க வேண்டும். வீட்டில் காலை அளந்து, அந்த அளவை எழுதிவைத்துவிட்டு, சந்தைக்கு மறந்து வந்துவிட்டான். செருப்பைக் கையில் எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அளவை எடுத்துவர வீட்டுக்கு ஓடினான். திரும்பி வருவதற்குள் சந்தை கலைந்துவிட்டது. காலைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அளவை நம்புவேன், என் காலை நம்ப மாட்டேன் என்றான்.

'எங்கம்மா ஏத்துனாங்க, நானும் ஏத்துறேன்' என்று அப்பத்தா சொன்னபோது உன் கையில் வகுப்பில் எடுத்த அளவு இருந்தது. பழமையைக் காட்டி ஒன்றைச் சரி என்று நிறுவுவது பிழையான வாதம் என்று படித்திருப்பாய். சரியான பாடம்தான். ஆனால் அவர் எதையும் நிறுவ வரவில்லையே. யாரை நினைத்து ஏற்றுகிறேன் என்று சொன்னார். தன் அம்மாவைப் பற்றி ஒரு பேச்சைத் தொடங்கினார். நீ அதை வாதமாக எடுத்துக்கொண்டு அளந்தாய். கால் உன் எதிரேயே இருந்தது.

இரண்டாவது ஆள் இந்திரன், மறுபடியும் சாந்தோக்யத்தில். ஆத்மாவை அறிந்தவனுக்கு எல்லா உலகும் கிடைக்கும் என்று பிரஜாபதி சொன்னது காதில் விழுந்து, தேவர்களில் இந்திரனும் அசுரர்களில் விரோசனனும் கிளம்பிப் போகிறார்கள். 32 வருஷம் மாணவர்களாக இருக்கிறார்கள். நன்றாக உடுத்தி அலங்கரித்துக்கொண்டு தண்ணீர்ப் பாத்திரத்தில் பாருங்கள், தெரிவதுதான் ஆத்மா என்கிறார் பிரஜாபதி. இருவருக்கும் திருப்தி. விரோசனன் நேரே ஊருக்குப் போய், இந்த உடம்புதான் எல்லாம் என்று பிரசங்கமே ஆரம்பித்துவிட்டான்.

இந்திரன் பாதி வழியில் நின்றான். உடம்பு அலங்காரமாக இருந்தால் ஆத்மாவும் அலங்காரமாக இருக்கும் என்றால், உடம்பு குருடானால் அதுவும் குருடாகுமே, உடம்பு அழிந்தால் அதுவும் அழியுமே? திரும்பினான், கையில் சமித்தோடு, புது மாணவன் மாதிரி. இன்னும் 32 வருஷம். கனவில் உலவுவது எதுவோ அது என்றார் குரு. போனான், பாதி வழியில் நின்றான், கனவிலும் அழுகிறோமே! மறுபடியும் 32. கனவில்லாத தூக்கம் என்றார். அதில் நான் இருக்கிறேன் என்பதே தெரியவில்லையே என்று மறுபடி திரும்பினான். கடைசியாக 5 வருஷம். மொத்தம் 101.

தேவர்களின் ராஜா. சபை காத்திருக்கிறது. விரோசனனைப் போல முதல் பதிலோடு போயிருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவன் கேட்ட கேள்விகள் எல்லாமே தனக்குப் பிடித்துப்போன பதில்கள் மேல் கேட்டவை. நீ இந்த இரண்டு வருஷத்தில் உனக்குப் பிடித்துப்போன ஒரு கருத்தை எத்தனை தடவை அப்படி மடக்கியிருக்கிறாய்? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். நான் உன் வயதில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'சரி, இனிமேல் வீட்டில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்' என்று முடிவெடுத்துவிடாதே. அதற்காகத்தான் நசிகேதன்.

கட உபநிடதம். வாஜசிரவசர் தன்னிடம் உள்ளதையெல்லாம் தானம் செய்யும் யாகம் செய்கிறார். மகன் நசிகேதன் சின்னப் பையன். தானத்துக்கு ஓட்டி வந்த மாடுகளைப் பார்க்கிறான். குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்துவிட்ட மாடுகள், மேய வேண்டியதை மேய்ந்து முடித்தவை, இனிமேல் கறக்காதவை, கன்று போடாதவை. இதையா கொடுப்பது? அவனுக்குப் பொறுக்கவில்லை. அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். பதில் இல்லை. இரண்டாம் தடவை கேட்டான், மூன்றாம் தடவையும் கேட்டான். எமனுக்குக் கொடுக்கிறேன் போ என்று எரிந்து விழுந்தார் அப்பா.

உபநிடதம் பையன் பக்கம் நிற்கிறது, கவனித்தாயா? சடங்கு நடக்கிற இடத்தில், எல்லார் முன்னாலும், பெரியவரிடம் சங்கடமான கேள்வி கேட்டவனை அது கண்டிக்கவில்லை. அவனைத்தான் கதாநாயகன் ஆக்கியது.

நசிகேதன் எமன் வீட்டுக்குப் போனான். எமன் ஊரில் இல்லை. மூன்று ராத்திரி சாப்பிடாமல் காத்திருந்தான். திரும்பி வந்த எமன், விருந்தாளியைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று பதறி, மூன்று ராத்திரிக்கு மூன்று வரம் கேள் என்றான்.

மூன்றாவது வரம் பிரசித்தம். செத்த பிறகு மனிதன் இருக்கிறானா இல்லையா என்று கேட்டான். எமன் மழுப்பினான். நூறு வருஷம் வாழும் பிள்ளை பேரன்களைக் கேள், யானை குதிரை தங்கம் கேள், இதை மட்டும் கேட்காதே என்றான். பையன் அசையவில்லை. மீதி உபநிடதம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். உன் வகுப்பில் இந்தப் பகுதியைத்தான் நடத்துவார்கள்.

முதல் வரத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எதிரே எமன் நிற்கிறான், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். நசிகேதன் கேட்டது இது: என் அப்பாவின் மனசு அமைதியாக வேண்டும். என் மேல் உள்ள கோபம் போக வேண்டும். நான் திரும்பிப் போகும்போது என்னை அடையாளம் கண்டுகொண்டு அவர் பேச வேண்டும்.

மாடுகளைப் பற்றி அவன் கருத்து மாறியதாக எங்கேயும் இல்லை. கேட்டது தப்பு என்று அவன் சொல்லவும் இல்லை. மரணத்தைப் பற்றிய கேள்வியை இரண்டு வரம் தள்ளிவைத்தான், அவ்வளவுதான்.

அவன் வீடு திரும்பியபோது வாசலில் என்ன நடந்தது, அப்பா என்ன சொன்னார் என்று உபநிடதம் எழுதவில்லை.

தம்பி, வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறாய். விளக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வியை நீ விட வேண்டாம், அது உன்னுடையது. அப்பத்தாவிடம் அவருடைய அம்மாவைப் பற்றி ஒரு தடவை கேட்டுப் பார். என்ன பெயர், எப்படி இருப்பார், எந்த விளக்கு, எந்த எண்ணெய். 'மந்திரி குமாரி' எந்தக் கொட்டகையில் பார்த்தார் என்றும் கேள்.

அம்மா, திங்கட்கிழமை எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.